பக்கத்தில் ஒரு நாற்காலி

இரவு 11.40. ஒரு கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். அக்கா மகள் மடிக்கணினி முன்னால், நான் பக்கத்து நாற்காலியில். கட்டுரை ஏற்றியாயிற்று. மதிப்பெண் பட்டியல் ஏற்றியாயிற்று. பரிந்துரைக் கடிதங்கள் இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக நின்று அடம்பிடித்தது: குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம். எண்ணைப் போட்டாலும் ஏற்கவில்லை, காற்புள்ளி வைத்தாலும் ஏற்கவில்லை, எடுத்தாலும் ஏற்கவில்லை. 'செல்லாத மதிப்பு' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது. என்ன செல்லவில்லை என்று சொல்லவில்லை.

காரணம் கடைசியில் தெரிந்தது. வேறொரு கோப்பில் எழுதி வைத்திருந்த எண்ணை அவள் அப்படியே நகலெடுத்து ஒட்டியிருந்தாள். எண்ணுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வெற்றிடமும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. முழுசாக அழித்துவிட்டுக் கையால் அடித்ததும் கட்டம் பச்சையானது. மணி 11.52.

அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "நீங்க இல்லன்னா மூடி வெச்சிட்டுத் தூங்கப் போயிருப்பேன், சித்தி."

சும்மா சொன்ன வார்த்தைதான். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவள் வகுப்பில் முதல் இரண்டு மூன்று பேரில் ஒருத்தி. அப்படிப்பட்டவளுக்கும் அந்த உதவித்தொகைக்கும் நடுவே நின்றது மதிப்பெண் இல்லை, ஏழ்மை இல்லை, கட்டுரை இல்லை. ஒரு வெற்றிடம்.

எனக்கும் பதினேழு வயதில் இப்படி ஒன்று நடந்தது. என் கதையில் பக்கத்து நாற்காலி காலி. பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு ஸ்காலர்ஷிப் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மூன்று நாள் தொடர்ந்து நின்று படித்தேன். 'தகுதியும் தேவையும் உள்ள மாணவர்கள்' என்றிருந்தது. தேவை இருந்தது. தகுதி இருக்கிறதா என்று யாரிடம் கேட்பது? இதெல்லாம் பெரிய கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். என்னைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய தோழிக்கு அது கிடைத்தது. அவளுடைய அண்ணன் இரண்டு வருடம் முன்பு அதே ஸ்காலர்ஷிப்பை வாங்கியவன். படிவம் எங்கே கிடைக்கும், எந்தப் பக்கத்தில் எதை எழுத வேண்டும், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று வீட்டிலேயே ஆள் இருந்தது. வயிறு எரிந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அவள் மேல் கோபமில்லை. எனக்கு ஏன் அப்படி ஒரு அண்ணன் இல்லை என்றுதான்.

பல வருடம் கழித்து மேசையின் அந்தப் பக்கத்தில் உட்காரும் வாய்ப்பு வந்தது. ஒரு சிறிய அறக்கட்டளை, பெயர் வேண்டாம். கல்லூரி உதவித்தொகைத் தேர்வுக் குழுவில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். முதல் நாள் பெரிய எதிர்பார்ப்போடு போனேன்: விண்ணப்பங்களைப் படிப்போம், வாதிடுவோம், யாருக்கு நியாயம் என்று மண்டையை உடைத்துக்கொள்வோம் என்று. நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே வேலை பாதி முடிந்திருந்தது. மேசையில் இரண்டு அடுக்குகள். வலது பக்கம் இருந்தவற்றை நாங்கள் படிக்கலாம். இடது பக்கம் இருந்தவை 'முழுமையற்றவை'. கையெழுத்து இல்லை, இரண்டாவது கடிதம் வரவில்லை, சான்றிதழில் ஒரு பெயரும் விண்ணப்பத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டலும், ஐந்தாம் பக்கத்தின் பின்புறம் காலி. இடது அடுக்கு ஒன்றும் சின்னதில்லை. அதில் ஒன்றை எடுத்து ஒரு பத்தி படித்துப் பார்த்தேன். படித்திருக்கக் கூடாது. நாங்கள் அந்த ஆண்டு பணம் கொடுத்த எவருடைய கட்டுரையையும்விட அது நன்றாக இருந்தது.

விதி விதிதான், ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டும் என்றார் குழுத் தலைவர். தவறென்று சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டு, குறையுள்ள விண்ணப்பங்களுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்து மின்னஞ்சல் அனுப்பலாம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். நிறைவேறியது. மூன்று ஆண்டில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

என் எரிச்சலுக்கு ஆராய்ச்சி ஆதாரமே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் அரசு தரும் கல்லூரி உதவிக்கு எல்லோரும் நிரப்ப வேண்டிய படிவத்துக்கு ஃபாஃப்சா என்று பெயர். 2008-இல் சில பொருளாதார ஆய்வாளர்கள் ஒஹாயோவிலும் வட கரோலினாவிலும் ஒரு சோதனை நடத்தினார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து தரும் எச் அண்ட் ஆர் பிளாக் நிறுவனத்தின் அலுவலகங்களுக்கு வரும் குறைந்த வருமானக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு, வரிக் கணக்கு முடிந்த கையோடு அங்கேயே உட்காரவைத்து ஃபாஃப்சாவையும் நிரப்பிக் கொடுத்தார்கள். வருமான விவரமெல்லாம் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. மிச்சக் கேள்விகளுக்குச் சில நிமிடம் போதும். இன்னொரு சாராருக்கு, 'உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும்' என்று கணக்குப் போட்டுக் காட்டி, நீங்களே விண்ணப்பியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் சாராருக்குப் பொதுவான துண்டறிக்கை ஒன்று மட்டும்.

2012-இல் வெளியான முடிவு இது. படிவத்தை நிரப்பிக் கொடுத்த குடும்பங்களில், பள்ளி இறுதியாண்டில் இருந்த பிள்ளைகள் கல்லூரியில் இரண்டு ஆண்டு முடித்த விகிதம் 28 சதவீதத்திலிருந்து 36 ஆக ஏறியது. தகவல் மட்டும் கொடுத்து அனுப்பப்பட்டவர்களிடம்? ஒரு மாற்றமும் இல்லை. தொகை எவ்வளவு என்பது தெரிந்தும் இல்லை.

இந்த இரண்டாவது முடிவுதான் என்னை உலுக்கியது. ஏனென்றால் நாம் எல்லோரும் செய்வது அதைத்தான். இணைப்பை அனுப்புகிறோம். 'இதுக்கு அப்ளை பண்ணு, நல்ல ஸ்காலர்ஷிப்' என்று ஒரு செய்தி. நம் கடமை முடிந்தது. அந்தப் பிள்ளை இணைப்பைத் திறந்து, பதினோரு பக்கத்தைப் பார்த்து, அப்புறம் பார்க்கலாம் என்று மூடியிருக்கும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னொரு சோதனை கிட்டத்தட்ட வேடிக்கையாகவே இருக்கும். நன்றாகப் படிக்கும், வருமானம் குறைந்த வீட்டு மாணவர்களுக்கு வண்ண உறையில் ஒரு கடிதம் போனது: உனக்கு இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுக்கும் கல்விக் கட்டணம் கிடையாது, உதவித்தொகைப் படிவங்கள் எதையும் நிரப்பத் தேவையில்லை. பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் கூடத் தெரிவித்தார்கள். கடிதம் போகாதவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். போனவர்களில் 68 சதவீதம். சேர்ந்தவர்கள் 12-இலிருந்து 27 சதவீதமாக உயர்ந்தார்கள். இதில் வேடிக்கை, புதுப் பணம் எதையும் பல்கலைக்கழகம் ஒதுக்கவில்லை. அந்த மாணவர்கள் வழக்கம்போல விண்ணப்பித்திருந்தாலும் அநேகமாக அதே உதவி கிடைத்திருக்கும். 'கிடைக்கலாம்' என்பதை 'கிடைக்கும்' என்று மாற்றி எழுதினார்கள், அவ்வளவுதான். அறிவிப்புப் பலகை முன்னால் மூன்று நாள் நின்ற அந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு உறை வந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

படிவங்களைச் சுருக்கினால் போதாதா? முயன்றார்கள். ஃபாஃப்சாவில் ஒரு காலத்தில் நூறுக்கு மேல் கேள்விகள். 2020-இல் சட்டம் போட்டு அதைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். புதிய படிவம் வழக்கமான அக்டோபரில் வராமல் 2023 டிசம்பர் கடைசியில்தான் வந்தது, வந்ததும் படுத்துக்கொண்டது. பெற்றோரில் ஒருவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) இல்லாத வீட்டுப் பிள்ளைகள் தொடக்கத்தில் அதை அனுப்பவே முடியவில்லை. யாருக்காகச் சுலபமாக்கினார்களோ அவர்களில் ஒரு பகுதியே வாசலில் நின்றது.

பணக்காரர்கள் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் கொடுப்பதும், அது போகிற இடம் வேறாக இருப்பதும் பழைய கதை. 1643-இல் லண்டனைச் சேர்ந்த ஆன் மௌல்சன் சீமாட்டி, ஹார்வர்டு கல்லூரிக்கு 100 பவுண்டு கொடுத்தார். வறிய மாணவர் ஒருவரின் பராமரிப்புக்கு அதன் வருவாய் போக வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கல்லூரியின் முதல் உதவித்தொகை அதுதான். நிதி திரட்டப் போயிருந்த பாதிரியார் தாமஸ் வெல்ட், அந்த ஒப்பந்தத்திலேயே முதல் பயனாளியாகத் தன் மகன் ஜானைச் சேர்த்துவிட்டார். மறு ஆண்டு அந்த மகன் வீடு புகுந்து திருடிய குற்றத்துக்காகக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டான். சீமாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் ராட்கிளிஃப். 1894-இல் பெண்களுக்கான கல்லூரிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள் என்பது ஒரு ஆறுதல்.

கேம்பிரிட்ஜில் வேறு மாதிரி. அங்கே அந்தக் காலத்தில் காசில்லாத மாணவர்கள் வேலை செய்து படிக்கலாம். 'சைசர்' என்று அவர்களுக்குப் பெயர். மற்ற மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பணிவிடை செய்து செலவைக் குறைத்துக்கொள்வது. ஐசக் நியூட்டன் 1661-இல் டிரினிட்டி கல்லூரிக்குள் நுழைந்தது அப்படித்தான், துணை சைசராக. உதவி வேண்டுமென்றால் கொஞ்சம் குனிந்து காட்டு என்கிற வாசனை இன்றைய படிவங்களிலும் எங்கோ ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது. அது பற்றிப் பிறகு.

கொடுப்பவர் மனசுதான் தகுதி விதியாக வந்து நிற்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் பணம் சேர்த்து 1902-இல் இறந்த செசில் ரோட்ஸ் எழுதிவைத்த உயிலின்படி அமைந்த ரோட்ஸ் உதவித்தொகை ஆண்களுக்கு மட்டும். பெண்கள் அதில் ஆக்ஸ்போர்டு போக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தில் 'ஜோல்ப்' என்ற குடும்பப் பெயரோடு பிறந்த கத்தோலிக்கர்களுக்கென்றே ஒரு உதவித்தொகை உண்டு. பென்சில்வேனியாவின் ஜூனியாட்டா கல்லூரியில் இடதுகைப் பழக்கமுள்ளவர்களுக்கு ஒன்று. ஒட்டுநாடாவில் உடை தைத்துப் போட்டுக்கொண்டு பள்ளி விருந்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு போட்டிப் பரிசும் இருக்கிறது. சிரிக்க வேண்டாம்; அந்த உடைகள் சிலவற்றைப் பார்த்தால் கட்டுரை எழுதுவது எவ்வளவோ சுலபம் என்று தோன்றும்.

ஆகவே யாராவது என்னிடம் "எத்தனைக்கு விண்ணப்பிக்கலாம்?" என்று கேட்டால், எண்ணிக்கை சொல்வதில்லை. விதியைப் படி, அது உன் முகத்தைப் பார்த்து எழுதியது மாதிரி இருக்கிறதா பார் என்பேன். உலகத்துக்கே பெயர் தெரிந்த உதவித்தொகைக்கு உலகமே வரிசையில் நிற்கும். ஒரு குறிப்பிட்ட தொழில் செய்பவர்களின் பிள்ளைகளுக்கு, ஒரு குறிப்பிட்ட நோயோடு வாழ்பவர்களுக்கு, ஒரு குறிப்பிட்ட பாடத்தை எடுப்பவர்களுக்கு என்று குறுகலாக இருப்பவற்றுக்கு வரிசை சிறியது. தொகையும் சிறியதாக இருக்கலாம். இருக்கட்டும். அப்பா அம்மா வேலை பார்க்கும் இடம், அவர்கள் சார்ந்த சங்கம், சேரப் போகிற துறையின் அலுவலகம் இந்த மூன்றையும் கேட்காமல் இணையத்தில் தேட ஆரம்பிப்பதுதான் பெரும்பாலோர் செய்கிற தப்பு. முன்பணம் கட்டினால் ஸ்காலர்ஷிப் உறுதி என்று எவராவது சொன்னால், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. நமக்குப் பணம் கொடுக்க விரும்புகிறவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார்.

கட்டுரைக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

குழுவில் இருந்த காலத்தில் ஒரு நாளைக்கு நாற்பது கட்டுரை படிப்போம். 'சிறு வயது முதலே' என்று தொடங்குபவை குறைந்தது பத்து இருக்கும். 'சமுதாயத்துக்குச் சேவை' என்று முடிபவை அதைவிட அதிகம். இவற்றை எழுதிய பிள்ளைகள் மோசமானவர்கள் இல்லை. கேள்வியைப் பார்த்து மிரண்டிருக்கிறார்கள். மிரண்டால் எல்லோருக்கும் மேடைப் பேச்சுதான் வரும். இன்னொரு வகை உண்டு, அதைப் படிப்பது கஷ்டம். வீட்டின் துயரத்தையெல்லாம் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். மரணம், கடன், குடி, நோய். ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை, முகம் தெரியாத ஐந்து பேருக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்து காட்டுகிறது, பணத்துக்காக. படித்துவிட்டு ஒன்றுக்கு எட்டு மதிப்பெண், இன்னொன்றுக்கு ஆறு என்று போடுவோம். எதற்கு ஆறு? அந்தத் துயரத்துக்கா, அதன் நடைக்கா? இரண்டாம் ஆண்டில் ஒரு உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கஷ்டத்தை எழுதக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. தேவை அடிப்படையில் கொடுக்கும் பணத்துக்குத் தேவையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு வருமானக் கட்டம் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. அவை சொன்னதையே கட்டுரையும் அழுது சொல்ல வேண்டியதில்லை. கட்டுரையில் நாங்கள் தேடியது வேறு: இந்த ஆள் எதைக் கவனிக்கிற ஆள்?

தெரிந்த ஒருவரின் மகள் என்னிடம் ஒரு வரைவைக் கொண்டுவந்தாள். மருந்தியல் படிக்க வேண்டுமாம். 'மனித குலத்தின் நோய்களைப் போக்க' என்று ஆரம்பித்திருந்தாள். படித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டேன். பாட்டிக்கு. எத்தனை மாத்திரை? பதினொன்று. யார் கொடுப்பது? "நான்தான். அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. போன வருஷத்து காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு, கோடு போட்டு, எந்த நேரத்துக்கு எது, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு எழுதி ஒட்டி வெச்சிருக்கேன். ரெண்டு டாக்டர் எழுதின மாத்திரை பேர் வேற வேற, உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான்னு அட்டையைப் படிச்சப்பதான் தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட காட்டினேன், ஒண்ணை நிறுத்திட்டார்."

"இதை ஏன் எழுதல?"

"இதுல என்ன இருக்கு, ஆன்ட்டி?"

அவள் உண்மையாகவே கேட்டாள். தன் வாழ்க்கையில் எது பேசத் தகுந்தது என்பது எழுதுகிறவருக்குத் தெரிவதில்லை. அது அவருக்கு நாள்தோறும் நடக்கிற சாதாரணம். எதிரில் உட்கார்ந்து ஒரு ஆள் நாலு கேள்வி கேட்டால்தான் வெளியே வருகிறது. இதைத்தான் காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆலோசகர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். அவர்கள் கட்டுரையை எழுதித் தருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். நல்ல ஆலோசகர் எழுத மாட்டார், கேட்பார். நானும் அவள் கட்டுரையில் ஒரு வரி எழுதவில்லை. காலண்டர் தாளிலிருந்து ஆரம்பி என்று மட்டும் சொன்னேன்.

பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே கூச்சம். ஆசிரியரிடம் போய்க் கேட்பதற்கே சில பிள்ளைகள் இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டால் தொந்தரவு என்று நினைக்கிறார்கள். ஒரு மாதம் முன்பே கேட்டு, கூடவே ஒரு தாளில் கடைசி நாள், எங்கே அனுப்ப வேண்டும், அவர் வகுப்பில் தான் செய்த ஒன்றிரண்டு வேலைகள் இவற்றை எழுதிக் கொடுத்தால் ஆசிரியர்கள் மனசுக்குள் நன்றிதான் சொல்வார்கள். இருநூறு மாணவர்களுக்கு நடுவே உங்களைப் பற்றி அவருக்கு நினைவில் இருப்பது 'நல்ல பெண், ஒழுங்காக வருவாள்'. அதை வைத்து ஒரு பக்கம் எழுதினால் அந்தக் கடிதம் எல்லோரையும் பற்றியது போலத்தான் இருக்கும்.

சரி, கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியிலிருந்து உதவிக் கடிதம் வருகிறது. வீடே கொண்டாடுகிறது. இங்கேதான் நான் கொஞ்சம் கெட்டவளாக மாறுவேன். கடிதத்தைக் கொடு என்று வாங்கி ஒவ்வொரு வரியாகக் கோடு போடுவேன்: இது திருப்பித் தர வேண்டாத பணம் (நல்கை), இது வேலை செய்து சம்பாதிக்க வேண்டிய பணம், இது கடன். மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு அடியில் 'மொத்த உதவி' என்று கூட்டிக் காட்டும் வழக்கம் பல கல்லூரிகளுக்கு உண்டு. 2018-இல் அமெரிக்கக் கல்லூரிகள் அனுப்பிய இப்படிப்பட்ட கடிதங்களை ஆராய்ந்தபோது, ஒரே வகை அரசுக் கடனுக்கு 136 விதமான பெயர்கள் இருந்தன. அவற்றில் 24 பெயர்களில் 'கடன்' என்ற சொல்லே இல்லை. 2022-இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு பார்த்தபோது, பத்தில் ஒன்பது கல்லூரிகள் மாணவர் உண்மையில் கட்ட வேண்டிய தொகையைச் சொல்லவே இல்லை, அல்லது குறைத்துச் சொல்லியிருந்தன. கடனை உதவி என்று சொல்வது, மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்துவிட்டு வாடகை கேட்பது மாதிரி.

இன்னொரு பள்ளம் இருக்கிறது, இது தெரிந்தபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது. வெளியிலிருந்து ஒரு ஸ்காலர்ஷிப் வாங்கி வந்தால், சில கல்லூரிகள் தாங்கள் கொடுப்பதாகச் சொன்ன நல்கையில் அதே அளவைக் குறைத்துக்கொள்ளும். பிள்ளை இரவெல்லாம் உட்கார்ந்து எழுதி வாங்கிய பணம் கல்லூரியின் செலவைக் குறைக்கிறது. பிள்ளை கட்ட வேண்டியது அப்படியே நிற்கிறது. 2017-இல் மேரிலாந்து மாநிலம் தன் அரசுக் கல்லூரிகளில் இதைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல். சட்டம் இல்லாத இடத்தில் வாயைத் திறந்து கேட்பதுதான் வழி. "வெளி உதவி வந்தால் முதலில் எதைக் குறைப்பீர்கள், கடனையா நல்கையையா?" இந்த ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். கடனைக் குறைக்கச் சம்மதிக்கும் கல்லூரிகள் உண்டு, கேட்டால்.

கேட்டால் என்பதில் இன்னொன்று. படிவங்கள் பழைய வருமானத்தைத்தான் பார்க்கும். ஃபாஃப்சா பார்ப்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வரிக் கணக்கை. இதற்கிடையில் வீடு தலைகீழாகியிருக்கலாம். நண்பன் ஒருவனுக்கு, மகன் விண்ணப்பம் போட்ட நாலாவது மாதம் வேலை போனது. படிவத்தின்படி அவன் இன்னும் வசதியான ஆள். கிடைத்த உதவியோ யானைப் பசிக்குச் சோளப்பொரி. விதி அவ்வளவுதானே என்று படிப்பை ஒரு வருடம் தள்ளிப்போட முடிவு செய்துவிட்டார்கள். நிதி உதவி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாமே என்றேன். "முடிவு வந்தாச்சே, இனிமே என்ன?" என்றான். முடிவு என்பது அவர்கள் கையில் இருந்த தகவலுக்கான முடிவு. தகவல் மாறினால் மறுபடி பார்ப்பதற்கு அதிகாரம் உள்ள ஆள் அந்த அலுவலகத்தில் இருப்பார். ஒரே பக்கம் எழுதினோம். வேலை போன தேதி, நிறுவனம் கொடுத்த கடிதத்தின் நகல், இப்போது வீட்டுக்கு வரும் பணம், பற்றாக்குறை எவ்வளவு. உருக்கமாக ஒரு வாக்கியம்கூட இல்லை. அவன் சேர்க்க விரும்பிய இரண்டு வாக்கியங்களை நான்தான் அடித்தேன். ஐந்து வாரம் பதில் இல்லை. பிறகு வந்தது, நல்கையை உயர்த்தியிருந்தார்கள். முழுதாக இல்லை, போதுமான அளவு. அவன் மகன் அந்த ஆண்டே சேர்ந்தான்.

புதுப்பித்தல் பற்றிச் சுருக்கமாக. பல உதவித்தொகைகள் ஆண்டுதோறும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியவை. இத்தனை மதிப்பெண், இத்தனை பாடம் என்று நிபந்தனை இருக்கும். முதலாண்டு முடிவில் ஒரு பாடத்தைக் கைவிடுவதற்கு முன்னால் அந்த நிபந்தனையை ஒரு முறை படித்துவிடுங்கள். முதல் முறை நிரப்பிய பதில்கள், ஏற்றிய கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேதியோடு வைத்திருந்தால் அடுத்த முறை அரை நாள் வேலை அரை மணி நேரத்தில் முடியும். தளத்திலேயே இருக்கும் என்று நம்பாதீர்கள், தளங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

அக்கா மகளுக்கு அந்த 11.52 விண்ணப்பம் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மூன்று வரியில் மறுப்பு வந்தது. அழுதாள், ஒரு நாள் யாரோடும் பேசவில்லை. அதே கட்டுரையை அரைப் பக்கம் வெட்டி, அதைவிடச் சிறிய வேறொன்றுக்கு அனுப்பினோம், அது கிடைத்தது. புத்தகத்துக்கும் விடுதிக்கும் ஆகிறது.

போன வாரம் அதன் புதுப்பித்தல் படிவம் வந்திருக்கிறது. நான் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் ஒரு படம் வந்தது: வருமானக் கட்டம், பச்சை நிறத்தில். கீழே ஒரு வரி. 'கையாலதான் அடிச்சேன், சித்தி.'